வந்துபோகும் கிருமி, குடியிருக்கும் கிருமி

என் பெரியப்பாவுக்கு மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு தழும்பு இருந்தது. வெயில் நாளில் சட்டையைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் தெரியும், இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகளோடு, பூரான் படுத்திருக்கிற மாதிரி. எழுபதுகளில் அவருக்கு அல்சர் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் பல வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு எரிந்து எழுந்திருப்பாராம், பெரியம்மா பால் காய்ச்சிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்குமாம். வெளியூர் போனால் பையில் பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் போகமாட்டார். "நேரா நேரத்துக்குச் சாப்பிடாம வயித்தைக் கெடுத்துக்கிட்டேன்" என்று கடைசிவரை தன்னையேதான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்தது பெரும்பாலும் ஒரு கிருமியால் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்த காலத்தில் உலகத்தில் யாருக்குமே அது உறுதியாகத் தெரியாது.

இப்போது தெரியும், தெரிந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நம் வீடுகளில் வயிற்றுப்புண் என்றால் காரம், டென்ஷன், சாப்பாட்டு நேரம் தப்புவது என்று மூன்று காரணத்தைச் சொல்லி, ஒரு கேஸ் மாத்திரையைப் போட்டு முடித்துவிடுகிறோம். கிருமிக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவைப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கிருமி எவ்வளவு நாள் தங்குகிறது என்பதுதான். மூன்று நாளில் போய்விடும் கிருமி செய்வது ஒன்று, நாற்பது வருஷம் குடியிருக்கும் கிருமி செய்வது முற்றிலும் வேறு.

முதலில் வந்துபோகிறவற்றைப் பார்த்துவிடலாம். வாந்தி பேதி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வைரஸ் வேலை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் நார்வாக் ஊரில் 1968-இல் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கூட்டமாக வாந்தி வந்தது. 1972-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸைப் பார்த்தார்கள், நோரோவைரஸ் என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் குடல் துணுக்குகளில் ரோட்டா வைரஸைக் கண்டார்கள். சிறு குழந்தைகளை மோசமாக வதைத்த வைரஸ் அது. 116ஈ என்ற இந்தியக் கிருமிவகையை வைத்து இங்கேயே தடுப்பு மருந்து தயாரித்து, 2016-இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தார்கள். அந்தப் பணியில் அப்போது வேலூர் சி.எம்.சி.யில் இருந்த ஆராய்ச்சியாளர் ககன்தீப் காங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த வைரஸ்களைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 'ஸ்டமக் ஃப்ளூ' என்று சொல்லிச் சொல்லி, இது இரைப்பை நோய் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அடி விழுவது முக்கியமாகச் சிறுகுடலில், அங்கே உறிஞ்சும் செல்களை வைரஸ் பழுதாக்குகிறது. இரைப்பை அந்த நேரத்தில் உள்ளே வந்ததைக் கீழே தள்ளாமல் மந்தமாகிவிடுகிறது, அதனால்தான் குடித்த தண்ணீர்கூட அப்படியே திரும்பி வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் ரெண்டு மூன்று நாளில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் இங்கே எந்த உதவியும் செய்யாது. வைரஸ் மேல் அதற்கு வேலையே இல்லை.

சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி பிடுங்கினால் அது பெரும்பாலும் இன்னொரு கதை. உணவிலேயே சில பாக்டீரியாக்கள் விஷத்தைச் செய்து வைத்துவிடுகின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒன்று, மீந்த சோற்றை வெளியிலேயே வைத்தால் அதில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் இன்னொன்று. மதியம் வடித்த சோற்றை ராத்திரி ஃப்ரைட் ரைஸாகக் கிளறும்போது, நன்றாகத்தானே சூடு பண்ணினோம் என்று தோன்றும். கிருமி செத்திருக்கலாம், அது விட்டுவைத்த வாந்தி விஷம் அந்தச் சூட்டுக்கு அசையாது. சோறு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைப்பது ஒன்றுதான் வழி.

இவையெல்லாம் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். சிலருக்கு மட்டும் கிருமி போன பிறகும் வயிறு பழைய நிலைக்குத் திரும்பாது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பிய மாதிரி, மேல்வயிற்றில் கனம், மாசக்கணக்கில் இருக்கும். கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000-ஆம் ஆண்டு குடிநீரில் பாக்டீரியா கலந்து ஊரே படுத்தது, அந்த மக்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோது இந்த மாதிரி அஜீரணம் நோய்ப்பட்டவர்களிடம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது, ஆனால் அவஸ்தை நிஜம். "எல்லாம் மனசுதான்" என்று அவர்களை ஒதுக்குவது பெரிய அநியாயம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, குடியிருக்கும் கிருமிக்கு வருவோம்.

இரைப்பையில் அமிலம் இருக்கிறது, அதில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்றுதான் மருத்துவ உலகம் ரொம்ப நாள் நம்பியது. இத்தாலியில் பிட்சோட்சேரோ என்பவர் 1893-லேயே நாய்களின் இரைப்பையில் சுருள் சுருளான உயிர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார், அது அப்படியே கிடந்தது. 1954-இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனித இரைப்பைத் துணுக்குகளைச் சோதித்து, அங்கே கிருமி ஒன்றும் வாழவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்திய சாயத்தில் அந்தக் கிருமி கண்ணுக்குப் படாது என்பது பிற்பாடு புரிந்தது. கிரீஸில் லிக்குடிஸ் என்ற ஊர் டாக்டர், தனக்கு வந்த அல்சர் ஆன்டிபயாடிக்கில் சரியானதைப் பார்த்து, 1958 முதல் தன்னிடம் வந்தவர்களுக்கும் அதையே கொடுத்தார். பாராட்டுக்குப் பதில் அபராதம்தான் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979-இல் ஒரு துணுக்கில் நீலக்கோடு மாதிரி ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தார். வெள்ளிச் சாயம் போட்டதும் கறுப்பு கறுப்பாக, வளைந்த கிருமிகள், சளிப்படலத்துக்கு அடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு வருஷம் கழித்துப் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்கப் பார்த்தார்கள், நோயாளி மேல் நோயாளியாக ஒன்றுமே வளரவில்லை. ஆய்வகத்தில் வழக்கம்போல ரெண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் யாரும் வராததால் தட்டுகள் கூடுதல் நாள் கிடந்தன, திரும்பி வந்து திறந்தால் வளர்ந்திருக்கிறது. மெதுவாக வளரும் கிருமி அது, அவ்வளவுதான் விஷயம். பொறுமையில்லாமல் நாம் தூக்கிப்போட்ட தட்டுகளில் இன்னும் என்னவெல்லாம் இருந்திருக்குமோ என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

யாரும் நம்பவில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் அப்போது உலகமெங்கும் கொட்டி விற்றுக்கொண்டிருந்தன, அவை புண்ணை ஆற்றவும் செய்தன, நிறுத்தினால் திரும்ப வந்தது, மறுபடி மாத்திரை. விலங்குகளில் நிரூபிக்கவும் முடியவில்லை. அதனால் 1984-இல் மார்ஷல் முதலில் எண்டோஸ்கோப்பி செய்து தன் வயிறு நன்றாக இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாளில் குமட்டல், விடிகாலையில் வாந்தி, வாயில் துர்நாற்றம் வீசுவதாக மனைவி சொன்னார். பத்தாம் நாள் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பைச் சுவர் அழன்றிருந்தது, கிருமியும் நிறைந்திருந்தது. அவருக்கு அல்சர் வரவில்லை, இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள். நல்ல வயிற்றில் இந்தக் கிருமி அழற்சியை உண்டாக்கும் என்பதைத்தான் அவர் காட்டினார். ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை அழித்தால் புண் திரும்பி வருவதில்லை என்பது பிறகு வந்த சோதனைகளில் தெரிந்தது. 1989-இல் அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இப்போதைய பெயர் வைத்தார்கள், 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் 2024-இல் காலமானார்.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்பதை எண்டோஸ்கோப்பி அறையிலேயே கண்ணால் பார்க்கலாம். குழாய் வழியாக அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு சதைத் துணுக்கைக் கிள்ளி எடுத்து, மஞ்சள் நிறக் களிம்போ பட்டையோ வைத்த சின்னப் பெட்டியில் போடுவார்கள். என் தம்பிக்குச் செய்தபோது செவிலியர் அதை எங்களுக்குக் காட்டினார், பேசிக்கொண்டிருக்கும்போதே துணுக்கைச் சுற்றி ஒரு ரோஸ் வளையம் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் மஞ்சள் முழுக்க ரோஸாக மாறிவிட்டது. பெட்டியில் இருப்பது யூரியா. கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது, அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, அம்மோனியா அமிலத்துக்கு நேரெதிரான காரத்தன்மை உள்ளது, அதனால் நிறம் மாறுகிறது. வயிற்றுக்குள்ளும் இதே வேலைதான். தன்னைச் சுற்றி அம்மோனியாவைப் பரப்பி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, வாலைச் சுழற்றிச் சளிப்படலத்தைத் துளைத்து, அமிலம் எட்டாத அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து சில வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை ஊசி போடுகிற மாதிரி நம் செல்லுக்குள் நேராகச் செலுத்துகின்றன. நம் உடம்பு எதிர்த்துப் போராடும், ஆனால் விரட்ட முடியாது. அந்தத் தீராத போராட்டம்தான் இரைப்பை அழற்சி.

பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றுகிறது, வீட்டுக்குள்ளேயே, அதிலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு. நெருக்கடியான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், கழிப்பறை வசதி குறைவு எல்லாம் அதற்குத் துணை. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்திருக்கிறது, இந்தியாவில் அதற்கும் அதிகம். இது புதிதாக வந்த விருந்தாளியும் கிடையாது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 வருஷத்துக்கு முந்தைய மனிதனின் வயிற்றிலும் இதன் தடயம் கிடைத்தது, அதுவும் இன்றைக்கு மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகைக்கு நெருக்கமானதாக.

பாதிப் பேரிடம் இருந்தால் பாதிப் பேருக்கும் அல்சர் வரவேண்டுமே என்றால், வராது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தெரியாது. பத்தில் ஒருவருக்குப் போலப் புண் வரும், நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்குப் புற்றுநோய் வரை போகும். யாருக்கு எது என்பது அழற்சி எங்கே நிலைக்கிறது என்பதைப் பொறுத்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் நின்றால் அமிலச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு குலைந்து, அமிலம் அதிகமாகி, முன்சிறுகுடலில் புண் விழுகிறது. இரைப்பையின் நடுப்பகுதி முழுக்கப் பரவினால் அமிலம் சுரக்கும் சுரப்பிகளே மெல்ல மெல்ல அழிந்து, அமிலம் குறைந்து, சுவர் மெலிந்து, குடல் மாதிரியான செல்கள் அங்கே முளைத்து, பத்து இருபது வருஷம் கழித்துச் சிலருக்குப் புற்றில் முடிகிறது. அமிலம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து, இரண்டுக்கும் ஒரே கிருமி. 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகைப் புற்றுக் காரணியாக, புகையிலை இருக்கும் அதே பட்டியலில் சேர்த்தது.

பெரியப்பாவின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் புரிகிறது. முன்சிறுகுடல் புண் காலி வயிற்றில் வலிக்கும், சாப்பிட்டால் அடங்கும். பசித்தால் வலிக்கிறது என்பது அறிகுறி. அதைத் திருப்பிப் போட்டு, பட்டினி கிடந்ததால் புண் வந்தது என்று காரணமாக்கிவிட்டோம். காரம் ஏற்கெனவே இருக்கும் புண்ணை எரிக்கும், நல்ல சுவரில் ஓட்டை போடாது. கிருமியைத் தவிரப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்றால் அது மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை வலி மாத்திரைகள். கிருமியும் இருந்து மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் கூடும்.

நம் நாட்டில் ஒரு புதிரும் இருக்கிறது. கிருமி இவ்வளவு பரவியிருந்தும் ஜப்பான், கொரியா அளவுக்கு இங்கே இரைப்பைப் புற்று கிடையாது. அங்கே இருக்கும் கிருமியின் காக்-ஏ புரதம் வேறு மாதிரியானது, அதிகத் தீவிரமானது, அது ஒரு காரணம். உப்பு, உணவு, பரம்பரை என்று மற்றவையும் சொல்லப்படுகின்றன. ஆனால் இந்தியாவுக்குள்ளேயே மிசோரத்தில் இந்தப் புற்று மிக அதிகம், அங்கே புகையிட்ட இறைச்சியும், துய்புர் என்னும் புகையிலைப் புகை ஏற்றிய தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வடக்கைவிடத் தெற்கில் அதிகம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பை நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. ஆகவே நமக்குக் கவலையில்லை என்று விட்டுவிட முடியாது.

வைரஸ்களிலும் குடியிருப்பவை உண்டு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964-இல் கண்டுபிடிக்கப்பட்டது, பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் வைத்திருக்கிறோம். எச்சில் வழியாகச் சிறுவயதில் வந்து, ரத்தத்தில் இருக்கும் பி-செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குள் ஆயுள் முழுக்கத் தூங்கும். எப்போதோ ஒரு சிலருக்கு இது இரைப்பைச் செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. இரைப்பைப் புற்றுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் இந்த வைரஸ் இருக்கிறது, அதுவும் கட்டியின் ஒவ்வொரு புற்றுச் செல்லிலும். செல் புற்றாக மாறும் ஆரம்பத்திலேயே வைரஸ் உள்ளே இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆண்களுக்கு அதிகம், இரைப்பையின் மேல்பகுதியில் அதிகம், முன்பு அல்சருக்காக வெட்டி எடுத்தபின் மிச்சமிருக்கும் இரைப்பையில் வரும் புற்றிலும் அதிகம். 2014-இல் அமெரிக்க மரபணுத் திட்டம் ஒன்று இரைப்பைப் புற்றை நான்கு வகையாகப் பிரித்தபோது இதற்குத் தனி வகையே கொடுத்தது. எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் புதிய மருந்துகளுக்கு இந்த வகை பெரும்பாலும் நன்றாகக் கேட்கிறது, அதனால் சதைத் துணுக்குச் சோதனையில் (பயாப்ஸி) இதைத் தேடிப் பார்ப்பது வீண் செலவு ஆகாது. இன்னொன்று சைட்டோமெகலோ வைரஸ். சாதாரணமாக அது நம்மை ஒன்றும் செய்யாது. சிறுநீரகம் மாற்றியவர்கள், எய்ட்ஸ் முற்றியவர்கள் என்று எதிர்ப்பு சக்தி விழுந்தவர்களுக்கு இரைப்பையில் புண் போடும். நுண்ணோக்கியில் பார்த்தால் வீங்கிய செல் நடுவில் கறுப்புப் பொட்டு, சுற்றிலும் வெள்ளை வளையம், ஆந்தை முறைத்துப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

அப்புறம், செய்ய வேண்டியது. பைலோரிக்கு மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. கரியணுவில் அடையாளம் வைத்த யூரியா கேப்ஸ்யூலை விழுங்கி, சிறிது நேரம் கழித்து ஊதினால், கிருமி உடைத்த யூரியாவின் கரியமில வாயு மூச்சில் வெளிவந்து மாட்டிக்கொடுக்கும். மலப் பரிசோதனையும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: பான்டபிரசோல், ஒமெபிரசோல் மாதிரி அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே போய்ச் சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். டாக்டரிடம் கேட்டு ரெண்டு வாரம் அதை நிறுத்த வேண்டும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் நாலு வாரம் இடைவெளி வேண்டும். ரத்தத்தில் பார்க்கும் சோதனை பழைய தொற்றையும் இப்போதைய தொற்றையும் பிரித்துச் சொல்லாது.

சிகிச்சை பொதுவாகப் பதினாலு நாள், அமிலக் குறைப்பு மாத்திரையோடு ரெண்டு ஆன்டிபயாடிக், சில நேரம் பிஸ்மத் என்ற மருந்தும் சேர்ந்து. வாய் கசக்கும், உலோகத்தை நக்கினது மாதிரி இருக்கும், பிஸ்மத் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கறுக்கும். தம்பி ஆறாம் நாளே நிறுத்திவிடுகிறேன் என்று நின்றான். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இந்தியாவில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் பைலோரி ஏற்கெனவே மிக அதிகம், எதற்கெடுத்தாலும் நாம் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டதன் விளைவு அது. மருந்து முடித்து நாலு வாரம் கழித்து மறுபடி சோதித்துக் கிருமி போய்விட்டதா என்று பார்க்கச் சொல்லவேண்டும், இங்கே பலர் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

கிருமியை ஊரோடு துரத்தினால் பலன் உண்டா என்பதற்குத் தைவானின் மாட்சு தீவுகள் நல்ல உதாரணம். 2004 முதல் அங்கே தீவு மக்களைக் கூட்டமாகச் சோதித்துச் சிகிச்சை கொடுத்தார்கள், இரைப்பைப் புற்று பாதிக்கு மேல் குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். ஜப்பானில் 2013 முதல் வெறும் அழற்சி நிலையிலேயே கிருமியை ஒழிக்கக் காப்பீட்டில் பணம் கொடுக்கிறார்கள். நம் மக்கள்தொகைக்கு எல்லாருக்கும் மருந்து கொடுப்பது நடக்கிற காரியமும் இல்லை, எதிர்ப்புக் கிருமிகளைப் பெருக்கவும் செய்யும். ஆனால் அல்சர் வந்தவர்கள், மாசக்கணக்கில் அஜீரணத்தோடு மாத்திரையில் ஓட்டுகிறவர்கள், நெடுநாள் வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ தொடங்கப் போகிறவர்கள், அப்பா அம்மா உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று வந்தவர்கள், இவர்களாவது ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் (இரும்புச்சத்து மாத்திரையோ பிஸ்மத்தோ சாப்பிடாதபோது), காரணமில்லாமல் எடை இறங்கினால், விழுங்கச் சிரமமானால், ரத்தசோகை வந்தால் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் எண்டோஸ்கோப்பிக்குப் போய்விட வேண்டும்.

தம்பி பதினாலு நாளும் முடித்தான். நாலு வாரம் கழித்து ஊதிப் பார்த்ததில் கிருமி இல்லை. அவன் வயிற்றில் தழும்பு எதுவும் விழவில்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு அவனுக்காக யாரும் பால் காய்ச்சவும் இல்லை.